சங்கு ஊதாத மாதங்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்பதைக் கம்பெனி வழக்கப்படி எழுதுகிறேன்: யாரும் மருத்துவ விடுப்பு கேட்கவில்லை. சித்திக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிட்டு என்னைத் திட்டுவாள். திட்டியதும் வலி குறைகிறதாம். உனக்கும் அத்தானுக்கும் குட்டிக்கும் உடம்பு எப்படி?

ஓர் உதவி வேண்டும். சுரங்கத்துப் பாதுகாப்பு அறையில் என்னோடு ஒரு ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் குடியிருக்கிறது. கீழே சுரங்கப் பாதையின் ஒவ்வொரு கிளையிலும் தொங்கும் கருவி, காற்றில் எரிவாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதற்குச் சொல்லும். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எழுதிய நிரல் அதைப் படித்து, அளவுக்குள் இருந்தால் திரையில் 'சரி' என்று போடும். மீறினால் சங்கு ஊதும். ஊதினால் எல்லோரும் போட்டது போட்டபடி மேலே வர வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஊதுகிறது.

மனிதர் அந்த நிரலை லிஸ்ப் மொழியில் எழுதிவைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இயந்திரத்துக்கு லிஸ்ப் நேராகப் புரியாது. நடுவில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து நடத்திக்கொடுக்க, இன்டர்பிரெட்டர் என்று இன்னொரு நிரல் வேண்டும். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. பிப்ரவரியோடு உரிமம் முடிகிறது. புது மேலாளர் கட்ட மாட்டேன் என்கிறார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சிக்கனம்'.

"ஏம்ப்பா, ஒரு தடவ வாங்குன சுத்தியலுக்கு வருஷா வருஷம் வாடகை கட்டுவியா?"

"இது சுத்தியல் இல்ல சார்."

"அப்ப இன்னும் மோசம். கண்ணுக்கே தெரியாத சாமானுக்கு வாடகை. யுனிவர்சிட்டில எல்லாம் சும்மாவே கிடைக்குதாம். உங்க அக்கா அங்கதானே கம்ப்யூட்டர் ரூமைப் பாத்துக்கறாங்க? எழுதிக் கேளு."

எழுதிக் கேட்டுவிட்டேன். நம் சின்னவன் இப்போது நாலாவது கிளையில் ஷிஃப்ட் தலைவன். தொப்பியில் விளக்கும் கையில் வாயு அளக்கும் ஒரு மீட்டருமாக இறங்குகிறான். "அக்காவைக் கேட்டேன்னு எழுதுண்ணே. நல்லதா அனுப்பச் சொல்லு, நான்தான் கீழ இருக்கேன்" என்கிறான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். எனக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. பல்கலைக்கழகம் ஒர்க்ஸ்டேஷன்களை நிலத்தடி அறையில் குளுகுளுவென்று வைத்திருக்கிறது. அவற்றைப் பார்த்துக்கொள்பவருக்கும் அதே குளிர்தான். சித்தியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். திட்டு வாங்கிக்கொள்வதையும் நிறுத்தாதே. தான் பெற்ற சின்னவனோடு நம் இரண்டு பேரையும் சேர்த்து வளர்த்தவள். அந்த உரிமை அவளுக்கு உண்டு.

இலவச லிஸ்ப் இன்டர்பிரெட்டர் எங்கே கிடைக்கும் என்று நெட்வொர்க்கில் உள்ள செய்திப் பலகையில் கேட்டேன். பதில்கள் குவிந்தன. பாதிப் பேர் லிஸ்ப்பில் எழுதியதே தப்பு என்றார்கள். மீதிப் பேர் அந்த ஒர்க்ஸ்டேஷனை வாங்கியதே தப்பு என்றார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மட்டும் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

மூன்று தேறின. முதலாவது பெரியது, நல்லது. ஆனால் உன் இயந்திரத்தின் நினைவகம் அதற்குப் போதுமா என்பது சந்தேகம். இரண்டாவது சின்னது. ஒரு மாணவன் கோடை விடுமுறையில் எழுதியிருக்கிறான். இங்கே உன்னுடையதைப் போலவே இருக்கும் ஒரு இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னேன், ஐந்து என்றது. பட்டியலைத் தலைகீழாக்கச் சொன்னேன், ஆக்கியது. மூன்றாவது ஒரு ஆய்வுக்கூடத்தார் ஆற அமர எழுதியது. அதை உன் இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித்தர எனக்கு நாளாகும்.

முதல் இரண்டையும் டேப்பில் ஏற்றி அனுப்புகிறேன். மூன்றோடும் ஒரே மாதிரியான குறிப்பு இருக்கிறது: எதற்கும் எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆகவே பழையதை உடனே எடுத்துவிடாதே. உரிமம் முடியும்வரை புதியதையும் பழையதையும் சேர்த்தே ஓடவிட்டு, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்.

சின்னவனிடம் நல்லதாகத்தான் தேடினேன் என்று சொல். எல்லோருடைய உடம்பைப் பற்றியும் எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சித்தி ஒத்தடத்தை ஏற்றுக்கொண்டாள், ஆனால் வெந்நீர் சூடு போதவில்லை என்று திட்டு தொடர்கிறது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? அறையில் ஒரு கம்பளியாவது போர்த்திக்கொள்.

டேப் வந்தது. முதலாவதை ஏற்றினேன். நினைவகத்தை முழுவதும் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. இரண்டாவது ஏற்றியதும் ஓடியது! திரை முழுக்க 'சரி', 'சரி', 'சரி'. கல்யாண வீட்டில் சம்பந்திகள் தலையாட்டுவதைப் போல இருந்தது.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவதைப் பற்றிச் சிக்கனத்திடம் சொன்னேன். "ஒரு வீட்டுல ரெண்டு மாமியார் வேணுமாப்பா? பழசைத் தூக்கு" என்றார். தூக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு சங்கு ஊதவே இல்லை. உணவு இடைவேளையில் சிக்கனம் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். "காசு வாங்குனவன் வேலை செய்யற மாதிரி காட்டிக்கறதுக்காகச் சத்தம் போட்டிருக்கான். சும்மா வந்தவனுக்கு அந்தப் பாவலா தேவையில்ல பாரு." கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மேலாளர் சொன்ன ஜோக்.

குட்டிக்கு என் முத்தம்.

தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

அத்தானுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருப்பதைத் தவிர இங்கே சுகம்தான். கம்பளி போர்த்திக்கொண்டேன். மாணவர்கள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கக் கேள்வியே கேட்காமல் இருந்தார்கள். இனி தினமும் போர்த்திக்கொள்வதாக இருக்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை ஊதிய சங்கு ஒரு தடவைகூட ஊதவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது நல்ல சேதிதானா என்று எனக்குத் தெரியவில்லை. நிரலை மாற்றினாய். காற்றை யாரும் மாற்றவில்லையே?

ஒரு காரியம் செய். ஒரு கருவியை மேலே கொண்டுவந்து, வேண்டுமென்றே கொஞ்சம் வாயுவைக் காட்டு. சங்கு ஊதுகிறதா பார். ஊதினால் எனக்கு எழுது. ஊதாவிட்டால் எனக்கு எழுதுவதற்கு முன்னால் சிக்கனத்திடம் சொல்.

மூன்றாவதை மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன். சித்தியையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

தேதியைப் பார்த்துச் சிரிக்காதே. எல்லோரும் நலம். அத்தானுக்கு இரத்த அழுத்தம் குறைந்ததா?

நீ சொன்ன சோதனைக்கு அனுமதி கிடைக்கவில்லை. சங்கு எதற்காக ஊதினாலும் அது தலைமையகத்துக் கணக்கில் ஏறுமாம். "நல்லா தூங்கற குழந்தைய எழுப்பி, அழுவுதான்னு பாக்கறதா?" என்றார் சிக்கனம். நாங்கள் இப்போது எல்லாச் சுரங்கங்களுக்கும் முன்மாதிரி. மற்ற மேலாளர்கள் வந்து என் திரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன வாரம் ஒரு வேடிக்கை. சின்னவன் ஷிஃப்ட் நடுவில் மேலே வந்துவிட்டான், மூச்சு வாங்க.

"அண்ணே, என் மீட்டர் ஒண்ணரைங்குது. ஒண்ணேகாலுக்கே வெளிய வரணும். உன் டப்பா சரிங்குது. எவனை நம்பறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சிக்கனம் குறுக்கே வந்தார். "தம்பி, கம்ப்யூட்டர் எத்தனை லட்சம்? உன் மீட்டர் எத்தனை ரூபாய்?"

"சார், மீட்டரு என் கையில இருக்கு. கம்ப்யூட்டரு உங்க ரூம்ல இருக்கு."

"அதனாலதான் அது கெட்டுப்போகாம இருக்கு."

கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகாத மீட்டர் பழுதான மீட்டர் என்று முடிவாயிற்று. மற்றவையும் இதே தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று எல்லாக் கை மீட்டர்களையும் வாங்கிப் பழுது பார்க்க அனுப்பிவிட்டார்கள். சின்னவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, "சங்கு இங்க ஊதலைன்னா நமக்கு வேற எடத்துல ஊதிடுவாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

இன்னொன்று. மே மாதம் தலைமையகத்து ஆய்வுக் குழு வருகிறது. பாதுகாப்புத் துணை மேலாளர் பதவிக்கு என் பெயரைச் சிக்கனம் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தக் குடியிருப்பில் வெயில் படும் அறை ஒன்று உண்டு. சித்தியின் முழங்காலுக்கு நல்லது.

தம்பி


ஏப்ரல் 7

அன்புத் தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். முதலில் வீட்டுச் சேதி: குட்டி மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து இடது கையை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டிருக்கிறது. கட்டின் மேல் பூனை படம் வரைந்துகொண்டு பெருமையாகத் திரிகிறாள். உன்னைத் தவிர யாருக்கும் எழுதவில்லை. சித்தி கேட்டால் சோறு இறங்காது, சொல்லாதே.

இப்போது விஷயம். நேற்று ஒரு மாணவி மழை அளவுகளைக் கொண்டுவந்து, உனக்கு அனுப்பிய அதே இரண்டாவது இன்டர்பிரெட்டரில் சராசரி பார்த்தாள். அரை அங்குலம், முக்கால் அங்குலம் பெய்த நாட்கள் எல்லாம் வறட்சி என்று வந்தது. உள்ளே திறந்து பார்த்தேன். அதை எழுதிய பையன் பின்னங்களைச் சேர்க்காமலே விட்டிருக்கிறான். எண்ணைப் படிக்கும்போது புள்ளி வந்ததும் அது நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் இருப்பதைச் சத்தம் காட்டாமல் விழுங்கிவிடுகிறது. பிழை என்றுகூடச் சொல்வதில்லை.

உன் நிரலில் வாயுவின் எல்லை எப்படி எழுதப்பட்டிருக்கிறது? நூற்றுக்கு ஒன்றேகால் என்பதை 0.0125 என்று எழுதியிருந்தால், இது அதைப் பூஜ்யம் என்று படிக்கும். கருவி சொல்லும் அளவையும் பூஜ்யம் என்றே படிக்கும். பூஜ்யம் பூஜ்யத்தை மீறாது. காற்றில் பாதிக்குப் பாதி வாயுவாக இருந்தாலும் 'சரி' என்றுதான் போடும்.

கை மீட்டர்கள் இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் இதைப் படித்த உடனே அந்த நிரலை நிறுத்து. மூன்றாவது தயாராகிவிட்டது. அதில் பின்னங்கள் ஒழுங்காக வருகின்றன. இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டேப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி நீ எழுதியது இன்றுதான் வந்தது. கை மீட்டர்கள் போய்விட்டன என்று படித்ததும் உன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவே மத்தியானமாகிவிட்டது. யாரோ எடுத்தார்.

"சார் மீட்டிங்ல இருக்காரு. ஏதாவது பிரச்சனையா?"

"ஆமாங்க. பெரிய பிரச்சனை. கேஸ் பாக்கற கம்ப்யூட்டர்..."

"பிரச்சனைன்னா கம்ப்யூட்டர்லயே வந்திருக்குமேம்மா. எல்லாம் சரின்னுதான் இருக்கு."

அதோடு லைன் போய்விட்டது. நான் கூப்பிட்டதாக உன்னிடம் சொன்னாரா தெரியாது.

சின்னவனின் மீட்டர் சொன்னதுதான் நிஜம். என் முந்தைய கடிதம் வந்திருக்கும். வரவில்லை என்றால் இதையே வைத்துக்கொள்: உன் திரையில் தெரியும் 'சரி'க்கு அர்த்தம் எதுவும் இல்லை. எவரையும் கீழே அனுப்பாதே. சிக்கனம் கோபித்துக்கொண்டால் அக்கா அனுப்பிய சாமான் சொத்தை என்று என் தலையில் போடு. பதில் ஒரு வரி போதும்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். குட்டியின் கைக் கட்டைப் பிரித்துவிட்டார்களா? சின்னக் குழந்தைகளுக்கு எலும்பு சீக்கிரம் கூடிவிடும், கவலைப்படாதே. பூனையோடு சேர்த்துப் பிரித்தால் அழுவாள். பூனை இருக்கும் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்.

ஆய்வுக் குழு பதினான்காம் தேதி வருகிறது. சுவருக்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டார்கள். நிலக்கரியைக் கழுவச் சொல்லாததுதான் பாக்கி. குழு வந்து போகும்வரை பாதுகாப்பு அறையில் யாரும் எதையும் தொடக்கூடாது, எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓட வேண்டும் என்று உத்தரவு. அதற்குப் பிறகு சில சில்லறைத் திருத்தங்கள் செய்ய உத்தேசித்திருக்கிறேன்.

துணை மேலாளர் குடியிருப்பைப் போய்ப் பார்த்தோம். சித்தி வெயில் படும் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "பரவாயில்ல, நீயும் உருப்பட்டுட்ட" என்றாள். அவள் வாயிலிருந்து இதற்குமேல் யாரும் வாங்கியதில்லை. சின்னவன் கதவுக் கைப்பிடிகளை எல்லாம் திருகித் திருகிப் பார்த்தான். "அண்ணே, பெரிய ஆளாயிட்டா எங்க மீட்டரை வாங்கிக் குடுத்துடுவல்ல?" என்றான். கட்டாயம் என்றேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அதில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி காலை ஷிஃப்டில் நாலாவது கிளையில் தீப்பிடித்து வெடித்தது. சின்னவனையும் அவனோடு இருந்த நாலு பேரையும் மறுநாள் வெளியே கொண்டுவந்தார்கள். அவனைத் தொப்பி எண்ணை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். அந்த நேரம் என் திரையில் நாலாவது கிளைக்கு எதிரே 'சரி' என்றுதான் இருந்தது. வெடித்துக் கம்பி அறுந்த பிறகும் அப்படியே இருந்தது.

சித்தி அழவில்லை. என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். வெயில் படும் அறைக்கு வர மாட்டேன் என்று தலையாட்டுகிறாள்.

பின்னங்களைப் பற்றி நீ எழுதிய இரண்டு கடிதங்களும் சம்பவத்துக்கு மறுநாள்தான் சேர்ந்தாற்போல் வந்தன. இந்த ஊர்த் தபால் உனக்குத் தெரியாததில்லை. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று தினமும் நினைக்கிறேன்.

விசாரணைக் குழு உனக்கும் எழுதப்போகிறது. என்ன அனுப்பினாய், எப்போது எழுதினாய் என்று கேட்பார்கள். நீ தபாலில் சேர்த்த தேதியைச் சொல். என் கைக்கு எப்போது வந்தது என்று கேட்டால் உனக்குத் தெரியாது என்று சொல். அது உண்மைதானே அக்கா? சித்திக்கு இனி நான் ஒருவன்தான் மிச்சம். எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அவளை யார் பார்ப்பார்கள் என்பதை யோசித்துக்கொள்.

குட்டி, அத்தான் எல்லோரும் சுகமா?

தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

குட்டி கைப்பிடியில் சறுக்கி விழுந்ததை நான் ஒரே ஒரு கடிதத்தில்தான் எழுதினேன். பின்னங்களைப் பற்றி எழுதிய அதே கடிதம். வேறு யாருக்கும் சொல்லவில்லை. சம்பவத்துக்கு மறுநாள் அது உனக்குக் கிடைத்தது என்கிறாய். ஆனால் மே நாலாம் தேதியே கட்டைப் பிரித்தார்களா என்று கேட்டிருக்கிறாய். பூனையைக்கூட மறக்கவில்லை.

அந்த விசாரிப்பைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மற்றதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இருந்தாலும், கையைப் பற்றிக் கேட்கிறான், அப்படியானால் கடிதம் சேர்ந்துவிட்டது, படித்தவன் மாற்றாமல் இருப்பானா என்று அத்தானிடம் சொன்னேன். திரும்பத் தொலைபேசியில் கூப்பிடக்கூட இல்லை. சின்னவன் போய்ப் பத்து நாளான பிறகு, உன் கையெழுத்தைப் பார்த்து, அவன் பத்திரமாக இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து நீ அடித்த தந்தி மறுநாள் வந்தது.

குழு எழுதிக் கேட்டது. இரண்டையும் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு நல்லது என்று அனுப்பியது நான்தான் என்பதை முதல் பக்கத்தில் எழுதினேன். உன் மே நாலாம் தேதிக் கடிதத்தை இரண்டாவது பக்கத்தோடு இணைத்திருக்கிறேன். சிக்கனம் உன்னைத் தொட விடவில்லை என்று நீ அவர்களிடம் சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். எவரையும் கீழே அனுப்பாமல் இருப்பதற்கு எந்தக் கம்ப்யூட்டரையும் தொட வேண்டியதில்லை. தம்பி ஒருவனை வாசலில் நிறுத்திவைத்தால் போதும்.

சித்தியை நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன். பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். அவளுக்கு என்னைத் திட்டவும் காரணம் இருக்கிறது, திட்டட்டும்.

மூன்றாவது டேப் திரும்பி வந்திருக்கிறது. உன் பாதுகாப்பு அறையில் வாங்கிக்கொள்ள மறுத்ததாக உறையின் மேல் முத்திரை. ஆய்வு முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்ற உத்தரவுக்கு அவர்களும் ஒழுங்காகக் கீழ்ப்படிந்திருக்கிறார்கள்.

நீ பதில் எழுதுவாய் என்று தெரியும். எழுது, படிக்கிறேன். ஆனால் இனி யாருடைய உடம்பைப் பற்றியும் விசாரிக்காதே.

அக்கா